எண்சுவடியும் தாவி எண்ணுதலும்

ஓர் எண்ணிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு முறையும் சமமான அளவைக் கூட்டிக்கொண்டே எண்ணிச் செல்வது தாவி எண்ணுதல் எனப்படும். 2, 4, 6, 8 என்பதும் 5, 10, 15, 20 என்பதும் இதற்கு எளிய எடுத்துக்காட்டுகள். பெருக்கல் வாய்பாட்டின் வேர் இதுவே. தமிழகத்தின் திண்ணைப் பள்ளிகளில் பயிலப்பட்ட கணக்குச் சுவடிகள் இம்முறையை அடிப்படையாகக் கொண்டிருந்தன.

திண்ணைப் பள்ளிகள்

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் நாட்டுப் பள்ளிகளைப் பற்றிய கணக்கெடுப்புக்கு ஆணையிட்டார். மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்ததாக 1826இல் அவர் எழுதிய குறிப்பு கூறுகிறது. பெல்லாரி ஆட்சியர் ஏ. டி. கேம்பல் தம் 1823ஆம் ஆண்டு அறிக்கையில், மாணவர்கள் பொருள் அறியாமல் செய்யுள்களை ஒப்பிக்கிறார்கள் என்று குறை கூறினார். ஆனால் மூத்த மாணவர் இளையவருக்குக் கற்பிக்கும் முறையை அவரே பாராட்டியும் இருக்கிறார். நாட்டுப் பள்ளி என்றாலே வெறும் மனப்பாடம் என்ற எண்ணம் பிற்காலத்தில் நிலைத்துவிட்டது. கணக்குச் சுவடிகளைப் பார்த்தால் அந்த முடிவு முழுமையானது அல்ல என்பது புலப்படும்.

பின்னமும் முகத்தலளவையும்

பொன்னிலக்கம் என்னும் சுவடி எண்களையும் பின்னங்களையும் கற்பித்தது. முந்திரி என்பது 1/320. அதை இரட்டித்தால் அரைக்காணி (1/160). மீண்டும் இரட்டித்தால் காணி (1/80), பிறகு அரைமா (1/40), பிறகு மா (1/20). மாவில் இருந்து தாவி எண்ணினால் ஒருமா, இருமா, மும்மா, நாலுமா என்று வரும். அடுத்த தாவலில் 5/20, அதாவது கால் வந்துவிடும். 20 மா ஒரு வேலி என்பதால், நிலத்தை அளப்பவருக்கு இந்த வரிசை அன்றாடத் தேவை.

நெல்லிலக்கம் முகத்தலளவைக்கு உரியது. ஆழாக்கு, உழக்கு, உரி, நாழி என்பவை ஒன்றுக்கு ஒன்று இருமடங்கு. 8 நாழி ஒரு குறுணி. 12 குறுணி ஒரு கலம். எட்டெட்டாகத் தாவத் தெரிந்த சிறுவன் 8, 16, 24 என்று எண்ணி, பன்னிரண்டாம் தாவலில் ஒரு கலத்துக்கு 96 நாழி என்று கண்டுகொள்வான்.

எண்சுவடி

எண்சுவடி பெருக்கல் வாய்பாட்டு நூல். பல எண்சுவடிகளில் வாய்பாட்டின் இறுதியில் எல்லா விடைகளின் கூட்டுத்தொகையும் தரப்பட்டிருக்கும். 7, 14, 21 முதல் 70 வரை பத்து விடைகளையும் கூட்டினால் 385. இதைச் சரிபார்ப்பதும் எளிது. முதல் எண்ணும் கடைசி எண்ணும் சேர்ந்தால் 77. இரண்டாவதும் ஒன்பதாவதும் சேர்ந்தாலும் 77. இப்படி ஐந்து சோடிகள். 1 முதல் 10 வரை கூட்டினால் 55 என்பதால், எந்த வாய்பாட்டுக்கும் அந்த எண்ணை 55ஆல் பெருக்கினால் போதும். இடையில் ஒரு விடை தவறினால் கூட்டுத்தொகை காட்டிக்கொடுத்துவிடும்.

குழிமாத்து என்பது வர்க்கங்களின் வாய்பாடு. 1, 4, 9, 16, 25 என்னும் வரிசையில் தாவலின் அளவு 3, 5, 7, 9 என்று இரண்டிரண்டாகக் கூடுவதைக் காணலாம்.

எண்களில் தோன்றும் ஒழுங்கு

மூன்று மூன்றாகத் தாவினால் கடைசி இலக்கங்கள் 3, 6, 9, 2, 5, 8, 1, 4, 7, 0 என்று பத்து இலக்கங்களையும் தொட்டுவரும். ஏழு ஏழாகத் தாவினால் 7, 4, 1, 8, 5, 2, 9, 6, 3, 0. இறுதிச் சுழியத்தை விட்டுப் பார்த்தால் இது முன்னதன் தலைகீழ் வரிசை. 3ம் 7ம் சேர்ந்து 10 ஆவதே காரணம். 4க்கும் 6க்கும் இதே உறவு உண்டு: 4, 8, 2, 6, 0 என்பதும் 6, 2, 8, 4, 0 என்பதும்.

பழைய தமிழ் எண்முறையில் சுழியம் இல்லை. பத்து, நூறு, ஆயிரத்துக்குத் தனிக் குறிகள் உண்டு. 21 என்பது ௨௰௧ என எழுதப்பட்டது. ஆயினும் இந்த ஒழுங்கு மறையவில்லை, காதுக்கும் கேட்டது. ஒன்பது, பதினெட்டு, இருபத்தேழு, முப்பத்தாறு, நாற்பத்தைந்து என்று உரக்கச் சொன்னால், முன்பகுதி ஒவ்வொன்றாக ஏறுவதும் பின்பகுதி ஒவ்வொன்றாக இறங்குவதும் தெளிவாகக் கேட்கும்.

இன்றைய பயன்

வாய்பாட்டை ஒப்பிக்க மட்டும் அறிந்த குழந்தை, ஏழெட்டு எத்தனை என்பது மறந்தால் அங்கேயே நின்றுவிடும். தாவி எண்ணக் கற்ற குழந்தை ஏழேழு நாற்பத்தொன்பது என்பதில் கால் ஊன்றி, இன்னும் ஓர் ஏழு கூட்டி 56க்குப் போய்ச் சேரும். மனப்பாடம் வேண்டாதது அல்ல. அதற்குக் கீழே கூட்டலின் படிகள் இருக்க வேண்டும். எண்சுவடி அந்தப் படிகளையும், ஏறியது சரியா என்று பார்க்கும் வழியையும் சேர்த்தே தந்தது.