பாரதி பாடல்கள் பொதுவுடைமையான வரலாறு

1921 செப்டம்பரில் சுப்பிரமணிய பாரதி மறைந்தபோது, அவருடைய பாடல்கள் பல கைகள் மாறப்போகும் சொத்தாகவும் ஆயின. நூல்களை வெளியிடும் பொறுப்பு முதலில் மனைவி செல்லம்மாளிடம் இருந்தது. பிறகு பாரதி பிரசுராலயம் அதை ஏற்றது. பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை தனியே விற்கப்பட்டு, கடைசியில் ஏவி.எம். நிறுவனர் மெய்யப்பனிடம் வந்தது. அவருடைய 'நாம் இருவர்' (1947) திரைப்படம் பாரதி பாடல்களைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டுசேர்த்தது.

1948இல் டி.கே.எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்தில் ஒரு பாரதி பாடல் இடம்பெற்றதும், உரிமைப் பிரச்சினை எழுந்தது. நாட்டுக்காகப் பாடிய கவிஞனின் பாட்டைப் பாட ஒருவரிடம் அனுமதி கேட்க வேண்டுமா என்ற கேள்வி எழுத்தாளர்களையும் கலைஞர்களையும் ஒன்றுதிரட்டியது. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் தலைமையிலான சென்னை மாகாண அரசு 1949இல் உரிமையைத் தன் வசமாக்கியது. மெய்யப்பன் தம் பங்கைப் பணம் பெறாமல் விட்டுக்கொடுத்தார். கவிஞரின் குடும்பத்துக்கு இழப்பீடு தரப்பட்டது. 1955இல் அரசு அவ்வுரிமையை மக்களுக்கே வழங்கியது. அன்றைய சட்டப்படி 1971 வரை நீடித்திருக்க வேண்டிய உரிமை அது.

அதன்பின் மலிவுப் பதிப்புகள் பெருகின. அவற்றோடு பாடபேதங்களும் அச்சுப்பிழைகளும் பெருகின. யாரும் அச்சிடலாம் என்பதற்கு யாரும் திருத்தலாம் என்று பொருளில்லை. எழுதியவர் பெயரையும் அவர் எழுதிய சொல்லையும் காப்பது, உரிமைக்காலம் முடிந்த பின்னும் பதிப்பாளரின் கடமை.