சொரியாசிஸ் நோயில் வைட்டமின் டி

சொரியாசிஸ் என்பது தோல் செல்கள் அளவுமீறிப் பெருகி, வெண்செதில் மூடிய சிவந்த தடிப்புகளாகப் படியும் நாட்பட்ட அழற்சி நோய், தொற்றக்கூடியதன்று. இந்நோயாளிகளில் பலருக்கு இரத்தத்தில் வைட்டமின் டி குறைந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. இந்த வைட்டமினை ஒத்த வேதிப்பொருள்கள் களிம்பாகப் பூசும்போது நோயைத் தணிக்கின்றன. மாத்திரையாக உட்கொண்டால் நோய் தணியும் என்பதோ இன்னும் நிறுவப்படவில்லை.

தொடக்ககால முயற்சிகள்

வெயிலில் இந்நோய் தணிவது நெடுநாளாகக் கவனிக்கப்பட்டு வந்தது. 1925-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த வில்லியம் கோக்கர்மன், நிலக்கரித் தாரைப் பூசிப் புறஊதாக் கதிர் பாய்ச்சும் முறையை அறிமுகம் செய்தார். 1930-களில் மருத்துவர்கள், வெயில் படும்போது தோலில் உருவாகும் வைட்டமின் டி-யையே பெருமளவில் உட்கொள்ளக் கொடுத்துப் பார்த்தனர். இரத்தத்தில் கால்சியம் மிகுந்து சிறுநீரகம் பாதிக்கப்படும் அபாயம் தெரிந்ததும் அந்த நாட்டம் குறைந்தது.

களிம்பின் வருகை

1985-இல் ஜப்பானின் ஒசாகாவில், எலும்புத் தேய்வுக்காகச் செயல்திறன் மிக்க வைட்டமின் டி வகையொன்றை உட்கொண்ட ஒருவருக்குச் சொரியாசிஸும் மறைந்தது. ஆய்வாளர்கள் மொரிமொட்டோ, குமஹாரா இருவரும் வெளியிட்ட இக்குறிப்பு மற்ற ஆய்வாளர்களின் ஆர்வத்தை மீண்டும் தூண்டியது. தோல் செல்களிலும் வைட்டமின் டி ஏற்பிகள் உண்டு. அவற்றுடன் இணையும் இச்சத்து செல்களின் பெருக்கத்தைத் தடுத்து முதிர்ச்சியை ஊக்குவிக்கிறது, அழற்சியையும் அடக்குகிறது.

கால்சியத்தை உயர்த்தாமல் இப்பயனை மட்டும் பெற, டென்மார்க்கின் லியோ நிறுவனம் கால்சிபோட்ரியால் என்னும் மருந்தை உருவாக்கியது. கால்சியத்தின் மீதான இதன் தாக்கம் இயற்கை வடிவத்தைவிட நூறு மடங்குக்கும் மேல் குறைவு. 1991-இல் டென்மார்க்கிலும் 1993-இல் அமெரிக்காவிலும் பயன்பாட்டுக்கு வந்தது. பின்னர் பீட்டாமெத்தசோன் ஸ்டீராய்டுடன் கலந்த களிம்பும் வெளியானது.

இரத்த அளவு பற்றிய ஆய்வுகள்

வைட்டமின் டி நிலையை அறிய 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி அளக்கப்படுகிறது. மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழ் இருப்பது குறைபாடு எனப் பொதுவாகக் கொள்வர். 2012-இல் வெளியான இத்தாலிய ஆய்வில் சொரியாசிஸ் நோயாளிகளில் ஏறத்தாழ 58 விழுக்காட்டினருக்கும், நோயற்றவர்களில் 30 விழுக்காட்டினருக்கும் இக்குறைபாடு காணப்பட்டது.

குறைபாடுதான் நோய்க்குக் காரணம் என இதைக் கொண்டு முடிவுசெய்ய இயலாது. இந்நோயாளிகளிடம் உடற்பருமன் மிகுதி. பருமனானவர்களின் இரத்தத்தில் வைட்டமின் டி குறைவாகவே இருக்கும். தடிப்புகளை மறைக்க உடலை மூடிக்கொள்வோருக்கு வெயிலும் குறைவாகவே கிடைக்கும். நீடித்த அழற்சியும் அளவைக் குறைக்கலாம்.

மாத்திரைச் சோதனைகள்

நார்வேயின் டிரோம்சோவில் இரத்த வைட்டமின் டி அளவு குறைந்த 122 சொரியாசிஸ் நோயாளிகளிடம் குளிர்காலத்தில் நான்கு மாதச் சோதனை நடந்தது. ஒரு பிரிவினருக்கு வைட்டமின் டி முதலில் 1,00,000 அலகும் பின்னர் வாரந்தோறும் 20,000 அலகும் தரப்பட்டன. அவர்களின் இரத்த அளவு உயர்ந்தது. நோயின் கடுமையிலோ வெற்று மாத்திரை பெற்றவர்களிடமிருந்து வேறுபாடு தென்படவில்லை. முடிவு 2023-இல் வெளியானது. அதற்கு முந்தைய ஆண்டு முடிவு வெளியான, 25,871 அமெரிக்கர்களிடம் நடந்த வைட்டல் ஆய்வில், நாளொன்றுக்கு 2,000 அலகு வைட்டமின் டி பெற்றோருக்குச் சொரியாசிஸ் உள்ளிட்ட தன்னெதிர்ப்பு நோய்கள் ஒட்டுமொத்தமாக 22 விழுக்காடு குறைந்திருந்தன. நோய் புதிதாகத் தோன்றுவதைப் பற்றிய கணக்கு அது. ஏற்கெனவே உள்ள சொரியாசிஸுக்கான சிகிச்சையைச் சோதித்ததன்று.

ஆகவே குறைபாடு உள்ள நோயாளிக்கு மாத்திரை தருவது, பிறருக்குப் போலவே, எலும்பு நலனுக்காகத்தான். சொரியாசிஸுக்கு நிறுவப்பட்ட வைட்டமின் டி வழிச் சிகிச்சை களிம்பே.