லயத்துக்கு விலையுண்டா?

கெடாவில் மூடா நதி கடலொடு கலக்குமிடத்தில் உள்ளது கோத்தா கோலா மூடா. கோத்தா என்னும் மலாய்ச் சொல் நமது கோட்டைக்கு உறவினது என்பதை நேயர்கள் எளிதில் உணர்வர். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி எழுந்த ஆழிப்பேரலை அவ்வூர்க் கரையிலிருந்த வீடுகளைச் சிதைத்தது. சுவர் போயிற்று, கூரை போயிற்று; ஆயினும் பட்டா உடையவனுக்கு நிலம் எஞ்சியது. உட்புறத்தே சுங்கைப் பட்டாணி வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களிலோ இதற்கு நேர்மாறானதையே நாம் கண்டு வந்தோம். அங்கே சுவர் நின்றது. அதனுள் தலைமுறைகள் பிறந்து வளர்ந்தன. நிலம் மட்டும் அவர்களுடையதன்று.

ஒரு வீட்டுக்கு விலை எங்ஙனம் பிறக்கிறது? மதிப்பீட்டாளர் செங்கல்லை மட்டும் எண்ணுவதில்லை. நிலம் எவர் பெயரில் உளது, எத்தனை ஆண்டுக்கு உரியது, அதை வாங்கத் தகுதியுடையார் யாவர், அண்டையில் அதுபோன்ற வீடு அண்மையில் என்ன விலைக்குப் போயிற்று என்றெல்லாம் வினவுகிறார். கட்டடம் ஆண்டுதோறும் தேயும். ஊர் வளர வளர ஏறுவது மண்ணின் விலையே.

லயத்து வீடு இவ்வினாக்களுள் ஒன்றுக்கேனும் விடை கூற வல்லதன்று. வாடகையில்லை என்று நம்மவர் மகிழ்ந்தனர். வாடகையில்லாத இடத்தில் குடியிருப்போன் உரிமையும் இல்லை என்பதை எண்ணினாரில்லை. செக்ரோலில் பெயர் நீங்கினால் வீடும் நீங்கும். கிராணிகளாகிய நாம் எழுதும் பேரேட்டில் லயத்துக்கு ஒரு தொகை உண்டுதான். ஆனால் அது தோட்டத்தின் சொத்து. அதனுள் வாழ்வோன் அங்கே செலவுப் பக்கத்தில் மட்டுமே தோன்றுவான்.

இவ்வுண்மை 1950க்குப் பின்னரே நம்மவர் முகத்தில் அறைந்தது. ஐரோப்பிய முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றகன்றனர். வாங்கியவர் துண்டுகளாக்கி மறுபடி விற்றனர். 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த இத்துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அஜீஸ் ஆராய்ந்து நூலாக்கினார். தோட்டம் கைமாறிய விலையில் லயத்தாருக்குப் பங்கேது? மண்ணோடு அவர்தம் இருப்பிடமும் சேர்ந்தே விலைபோயிற்று.

இதற்கு மாற்றாகவே வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பங்கு 100 வெள்ளி. மாதம் 10 வெள்ளியாகத் தவணையிற் செலுத்தலாம். சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் நமது கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் என்பதில் நமக்குச் சிறிது பெருமையுண்டு. எனினும் பட்டா சங்கத்தின் பெயரில் இருந்தது. பால்மரம் சீவியவன் கையில் வந்தது பங்குச் சீட்டேயன்றி வீட்டுப் பத்திரமன்று.

நிற்க. 1966ஆம் ஆண்டுச் சட்டமும், அதற்குப் பதிலாக வந்த 1990ஆம் ஆண்டுச் சட்டமும் தொழிலாளர் வீட்டின் தரத்தைப் பேசின, சொந்தத்தைப் பேசவில்லை. சுங்கைப் பட்டாணியைச் சூழ்ந்த ரப்பர்க் காடுகள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகி, அதே மண் சதுர அடிக் கணக்கில் விலை கூறப்படுகிறது. தோட்டம் மூடி ஆட்குறைப்புச் செய்யும்போது, 1980ஆம் ஆண்டு விதிப்படி ஐந்தாண்டுக்கு மேல் உழைத்தவனுக்கு ஆண்டொன்றுக்குக் குறைந்தது 20 நாட்கூலி தரவேண்டும். முப்பதாண்டு உழைத்தவனுக்கு 600 நாட்கூலி. அக்கணக்கில் வீட்டுக்கென ஒரு வரியும் இல்லை.