இலைக்கு வந்த நோயும் சுவருக்கு வந்த நோயும்

மலையகத்தின் வரலாற்றைப் பேசும்போது துரைமாரையும் பெரிய கங்காணிமாரையும் தொழிற்சங்கத் தலைவர்களையும் நினைவுகூர்வது நம் வழக்கம். அந்த வரலாற்றில் பெருத்த பங்கு வகித்த இன்னொரு தரப்பை நாம் மறந்துவிடுகிறோம். அதன் பெயர் பூஞ்சணம். கோப்பியை அழித்தது ஒரு பூஞ்சணம். தேயிலையை அச்சுறுத்தியது இன்னொரு பூஞ்சணம். மழைக்காலம் தொடங்கியதும் லயத்துக் காம்பராக்களின் சுவர்களில் கறுப்பாகப் படர்ந்து, பெட்டிக்குள் மடித்து வைத்த தீபாவளிப் புடவையிலும் நாற்றத்தை ஏற்றிவிடுவது மூன்றாவது வகை.

முதலிரண்டுக்கும் அறிஞர்கள் அழைக்கப்பட்டார்கள், ஆய்வுகள் நடந்தன, ஏடுகள் நிரம்பின. மூன்றாவதற்கு அப்படி யாரும் அழைக்கப்பட்டதாகத் தெரியவில்லை. சுவரில் பூஞ்சணம் பூத்தால் அது அந்தக் காம்பராவில் குடியிருப்பவரின் சுத்தக் குறைவு என்று சொல்லி முடித்துவிடுவதே வழக்கமாயிற்று. அந்தத் தீர்ப்புச் சரிதானா என்பதை வரலாற்றின் துணைகொண்டு பார்ப்போம்.

1869ஆம் ஆண்டு இலங்கையின் கோப்பிச் செடிகளில் இலையின் அடிப்புறத்தே செம்மஞ்சள் நிறப் பொடி தென்பட்டது. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராக இருந்த துவைட்ஸ் அதன் மாதிரியை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பூஞ்சணவியல் அறிஞர் பெர்க்லி அதற்கு ஹெமிலெயா வாஸ்ட்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டார். அந்தப் பெயர் வாயில் நுழையாத துரைமார் 'டெவஸ்டேட்டிங் எமிலி', அதாவது நாசக்கார எமிலி என்று அதை அழைத்தார்கள். கேலியாகத் தொடங்கிய பெயர் சில ஆண்டுகளுக்குள் மெய்யாகிவிட்டது.

1880இல் ஹரி மார்ஷல் வார்ட் என்னும் இளம் தாவரவியலாளர் இந்நோயை ஆராய்வதற்கென்றே இலங்கைக்கு வரவழைக்கப்பட்டார். இரண்டாண்டுகள் இங்கே தங்கி அவர் கண்டறிந்தவை இன்றும் பாடநூல்களில் இடம்பெறுகின்றன. நோயின் வித்துக்கள் காற்றில் பரவுகின்றன. இலையின் மேல் நீர்த்துளி தங்கியிருந்தால்தான் அவை முளைக்கின்றன. முளைத்து உள்ளே புகுந்த பிறகு மருந்திட்டுப் பயனில்லை. மலைக்கு மலை ஒரே பயிரை இடைவெளியின்றி நட்டு வைத்ததே நோய்க்கு வழி திறந்துவிட்டது என்பதும் அந்த ஆய்வின் வழியே தெளிவாயிற்று. ஆனால் காலம் கடந்துவிட்டது. 1880களில் கோப்பி வீழ்ந்தது. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் பயிரிட்டிருந்த தேயிலை அந்த வெற்றிடத்தை நிரப்பியது. நூற்றாண்டின் முடிவில் அது மூன்றரை இலட்சம் ஏக்கரைக் கடந்திருந்தது.

இந்த மாற்றம் பயிரோடு நின்றுவிடவில்லை. கோப்பிக்கு ஆள் தேவைப்பட்டது பழம் பறிக்கும் பருவத்தில்தான். தமிழகத்திலிருந்து கடல் கடந்து மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைவரை நடந்து வந்தவர்களில் பலர் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். சில மாதங்கள் தலைசாய்க்கும் இடமாகவே அவர்களுக்குக் குடிசைகளும் கொட்டகைகளும் போடப்பட்டன. தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து விடுவது. அதற்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். பெண்களும் பிள்ளைகளுமாகக் குடும்பங்கள் வேண்டும். ஆகவே மக்கள் தோட்டத்திலேயே நிலைகொண்டார்கள். மண்ணும் புல்லும் கருங்கல்லும் தகரமுமாக மாறியபோதும், கட்டடத்தின் அடிப்படை எண்ணம் மட்டும் மாறவேயில்லை. தற்காலிகத் தங்குமிடமாக எண்ணப்பட்டது தலைமுறைகளின் இல்லமாயிற்று. லயத்துச் சுவரின் பூஞ்சணத்துக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

லயத்தின் அமைப்பைச் சற்று உற்றுப் பார்ப்போம். நீண்ட ஒரே கட்டடம். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற அளவில் வரிசையாகக் காம்பராக்கள். முன்னே ஓர் இஸ்தோப்பு. இரட்டை லயமாயின் முதுகோடு முதுகு ஒட்டி இரு வரிசைகள். பின்சுவருக்கு அப்பால் இன்னொரு குடும்பம். வாசல் ஒன்று; பல காம்பராக்களில் பின்பக்க ஜன்னல் என்பதே கிடையாது. ஒரு பக்கம் புகுந்த காற்று மறு பக்கம் வெளியேறினால்தான் அறை உலரும். வெளியேற வழியில்லாத அறைக்குள் காற்றும் புகுவதில்லை.

அடுத்து, கட்டடம் நிற்கும் இடம். நல்ல நிலம் தேயிலைக்கு. மிஞ்சிய சரிவு லயத்துக்கு. மேட்டை வெட்டிச் சமன் செய்த இடத்தில், வெட்டிய மண்மேட்டுக்கு அருகிலேயே பின்சுவர் எழும். ஹட்டன், வட்டவளை, கினிகத்தேனை, நோர்ட்டன் பக்கங்களில் வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரையில் தென்மேல் பருவமழை விடாது பெய்யும். நாட்டிலேயே அதிக மழை பெறும் பகுதிகளுள் வட்டவளையும் ஒன்று. மலையிலிருந்து கசியும் நீர் அடித்தளத்தைத் தொட்டதும், விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோலக் கல்லும் சாந்தும் அதை மேலே இழுக்கின்றன. இதைத்தான் நம் மக்கள் ஓதம் ஏறுதல் என்கிறார்கள். சுவருக்கும் அடித்தளத்துக்கும் இடையில் ஈரம் தடுக்கும் ஒரு படை இட்டிருந்தால் ஓதம் அங்கேயே நின்றிருக்கும். பழைய லயங்களில் அந்தப் படை இல்லை.

மூன்றாவது, கூரை. ஆறாயிரம் அடிக்கு மேல் உள்ள நுவரெலியாவில் இரவுக் குளிர் தகரத்தைச் சில்லிட வைக்கிறது. உள்ளே விறகடுப்பு எரிகிறது, சோறு கொதிக்கிறது, ஏழெட்டுப் பேர் மூச்சு விடுகிறார்கள், வெளியே காய வைக்க வழியில்லாத கம்பளியும் துணியும் கொடியில் தொங்குகின்றன. அத்தனை நீராவியும் குளிர்ந்த தகரத்தில் பட்டு வியர்த்துச் சொட்டுகிறது. மழை பெய்யாத இரவிலும் கூரை ஒழுகுகிறது என்று தோட்டத்து மக்கள் சொல்வது மிகையன்று.

பூஞ்சண வித்து எல்லா வீட்டுக் காற்றிலும் உண்டு, மாளிகையிலும் உண்டு. அது முளைக்க வேண்டுவது ஈரம் ஒன்றே. நனைந்த பொருள் ஓரிரு நாளுக்குள் உலர்ந்துவிட்டால் அது முளைப்பதில்லை. கோப்பி இலையில் வார்ட் கண்ட உண்மைக்கும் காம்பராச் சுவரின் உண்மைக்கும் பெரிய வேறுபாடு இல்லை. பெருக்கித் துடைத்துப் பளிச்சென்று வைத்திருக்கும் வீட்டிலும் சுவர் ஈரமானால் பூஞ்சணம் வரும். ஆகவே அது குடியிருப்பவரின் ஒழுக்கத்தைக் காட்டும் அடையாளம் அன்று. கட்டடத்தின் குறையைக் காட்டும் அடையாளம்.

அரசுக்கு இது தெரியாதிருந்ததா என்றால், அப்படியும் சொல்ல முடியாது. 1872 முதலே தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கான சட்டங்கள் வந்தன. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் லயங்களையும் அவற்றின் சுற்றுப்புறத்தையும் சுகாதார நிலையில் வைத்திருக்கும் கடமையைத் தோட்ட அதிகாரியின் மீது சுமத்தியது. கடமை குடியிருப்பவர்மீதன்று, தோட்டத்தின்மீது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆனால் தோட்டம் வெளியார் எளிதில் நுழைய முடியாத இடமாக இருந்தது. தஞ்சையிலிருந்து வந்த பத்திரிகையாளர் கோ. நடேசய்யர் தொழிலாளரின் நிலையை நேரிற் காண்பதற்குப் புடவை வியாபாரியின் வேடத்தில் தோட்டங்களுக்குள் புகுந்ததை எங்கள் தொழிலில் உள்ளவர்கள் மறக்கலாகாது. பார்க்க ஒருவர் வேடமிட வேண்டியிருந்த சுவரைப் பற்றி யார் முறையிட்டிருக்க முடியும்?

இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தேயிலையின் கதை இருக்கிறது. 1946இல் கொப்புள நோய் என்னும் பூஞ்சண நோய் இலங்கைத் தேயிலையில் தோன்றியது. 1925இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையில் அப்போது இயங்கிக்கொண்டிருந்தது. மழையும் பனிமூட்டமும் இந்நோயை வளர்க்கின்றன, வெயில் இதைக் கொல்கிறது என்று கண்டார்கள். செப்பு மருந்து தெளித்தார்கள். நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் வெயில் அடித்தது என்று கணக்கிட்டு மருந்து தெளிப்பதைத் தீர்மானித்தார்கள். மழைக்காலத்துக்கு முன்பாக நிழல்மரங்களின் கிளைகளை வெட்டி, செடிக்கு வெளிச்சமும் காற்றும் கிடைக்கச் செய்தார்கள். கோப்பி அழிந்ததுபோலத் தேயிலை அழியவில்லை.

வெளிச்சமும் காற்றும் பூஞ்சணத்தைத் தடுக்கும் என்ற அறிவு மலையகத்தில் பல்லாண்டுகளாக இருந்தது. அது கொழுந்துக்குப் பயன்பட்டது. கொழுந்து பறித்தவளின் குழந்தை படுத்துறங்கிய அறைக்கு அது வந்து சேரவில்லை.

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குச் சென்றது. நிர்வாகம் கைமாறியதே தவிர லயம் குடியிருப்பவருக்குச் சொந்தமாகவில்லை. குடும்பங்கள் பெருகின, இஸ்தோப்பை அடைத்து இன்னோர் அறையாக்கினார்கள், இருந்த வெளிச்சமும் குறைந்தது. உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டி, ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் வாழ்வோருக்கு இருமல், இழுப்பு, ஆஸ்துமா முதலிய சுவாச நோய்கள் கூடுதலாக வருகின்றன என்று கூறுகிறது. ஈரத்தைத் தடுப்பதே தலையாய வழி என்பதும் அதன் முடிவு. லயத்தில் இதனோடு விறகுப் புகையும் சேர்ந்துகொள்கிறது.

அப்படியானால் இன்று லயத்தில் இருப்பவர் செய்யக்கூடியது என்ன? முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று அறிய வேண்டும். ஓர் அடி அகலமுள்ள பொலித்தீன் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் ஒட்டி, இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். தாளுக்குப் பின்னால் நீர் முத்திட்டிருந்தால் ஓதம் சுவரினூடாக வருகிறது. முன்பக்கம் முத்திட்டிருந்தால் அறைக்குள் எழும் ஆவியே காரணம். உச்சியிலிருந்து கோடிட்டு இறங்கும் கறை கூரை ஒழுக்கின் அடையாளம்.

ஆவி காரணமாயின், சமைக்கும் நேரத்தில் குளிரைப் பொருட்படுத்தாது கதவைத் திறந்து வையுங்கள். கூரைக்கடியில் ஆவி வெளியேற ஓர் இடைவெளி இருக்கட்டும். ஈரக் கம்பளியைப் படுக்கும் இடத்தில் உலர்த்தாதீர்கள். பெட்டியையும் அலுமாரியையும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். படிந்த பூஞ்சணத்தை உலர்ந்த விளக்குமாற்றால் தட்டினால் வித்து அறையெங்கும் பறக்கும். மூக்கையும் வாயையும் நல்ல முகக்கவசத்தால் மூடிக்கொண்டு, சவர்க்கார நீரால் துடைத்து, நன்றாக உலர விடுங்கள். வெளிற்றும் திரவம் சுவரின் நிறத்தை மாற்றுமே தவிர உள்ளே ஊறிய ஈரத்தை அகற்றாது. அதனை வினாகிரியோடோ அமோனியா கலந்த பொருள்களோடோ ஒருபோதும் சேர்க்கலாகாது. எழும் வாயு நச்சு. கூரை அஸ்பெஸ்டஸ் தகடாயின் அதன் பாசியைச் சுரண்டவே கூடாது. தீபாவளிக்குப் பளபளப்பான வர்ணம் பூசுவதைவிடப் பழைய சுண்ணாம்பு வெள்ளையே ஈரச் சுவருக்கு ஏற்றது. அதன் காரத்தன்மை பூஞ்சணத்தை அடக்கும், சுவரும் மூச்சுவிடும். ஈரச் சுவரின்மேல் பூசிய வர்ணம் அடுத்த மழையில் பொருக்காகக் கழன்று விழும்.

ஆனால் ஓதமும் ஒழுக்கும் குடியிருப்பவரின் துடைப்பத்துக்கு அடங்குபவை அல்ல. பின்சுவருக்கும் மண்மேட்டுக்கும் இடையே கான் வெட்டி நீரைத் திருப்ப வேண்டும். கூரைத் தகரத்தை மாற்றிப் பீலி பொருத்த வேண்டும். பின்சுவரில் ஜன்னல் வைக்க வேண்டும். இவை நிர்வாகத்தின் பணிகள். இவற்றைச் செய்யாமல் தொழிலாளிக்குச் சுத்தத்தைப் பற்றி விரிவுரை நிகழ்த்துவது முறையன்று.

2015க்குப் பின்னர் ஏழு பேர்ச்சஸ் காணியில் தனிவீடுகள் எழத் தொடங்கின. இந்திய அரசின் உதவியோடு 4,000 வீடுகள் திட்டமிடப்பட்டு, 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். 2023இல் மலையக மக்களின் வருகைக்கு இருநூறு ஆண்டு நிறைந்ததை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணமும் நிகழ்ந்தது. எனினும் பெருந்தொகையான குடும்பங்கள் இன்னும் லயங்களிலேயே வாழ்கின்றன. புதிய வீடாயினும் புகைபோக்கியும் கானும் ஈரத் தடுப்பும் இல்லாவிட்டால் அதுவும் சில ஆண்டுகளில் கறுக்கும் என்பதைத் திட்டமிடுவோர் மனத்தில் கொள்ள வேண்டும்.

தனிவீட்டின் பெரும் பயன் அதன் சதுர அடியில் மட்டும் இல்லை. காணிக்கு உறுதி கைக்கு வந்த குடும்பம் பின்சுவர் கறுத்தால் அங்கே ஒரு ஜன்னலைத் திறக்கலாம். தோட்ட அலுவலகத்தின் வாசலில் நின்று அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.