கல்லிற் பதிந்த அரசியல்: பிராக் நகரம் தரும் பாடம்

கலைக்கும் அரசியலுக்குமுள்ள தொடர்பு பற்றி நம்மிடையே நீண்ட காலமாக வாதங்கள் நிகழ்ந்து வந்துள்ளன. கலை சமுதாயத்தின் விளைபொருளே என்பாரும், அது தனக்கெனத் தனி இயல்புடையது என்பாரும் பெரும்பாலும் நூல்களைக் கொண்டே தத்தம் கருத்தை நிறுவ முயன்றனர். ஒரு நகரத்தின் தெருக்களிலும் சதுக்கங்களிலும் வைத்தும் இதனை ஆராயலாம். பொதுவுடைமை ஆட்சி நீங்கிய ஐரோப்பிய நாடுகளுக்குப் பிறநாட்டு மாணவர் கலையையும் அரசியலையும் ஒருங்கே பயிலச் செல்வது இதனாலேயாகும். அத்தகைய நகரங்களுள் ஒன்றான பிராக்கினை எடுத்துக்கொண்டு இத்தொடர்பினை நோக்குவோம்.

பிறநாட்டு மாணவர் அங்கு செல்வது புதிய வழக்கமன்று. ஆசிய, ஆபிரிக்க, இலத்தீன் அமெரிக்க மாணவர்க்கென 1961இல் செக்கோஸ்லவாக்கிய அரசு பிராக்கில் ஒரு பல்கலைக்கழகத்தை நிறுவியது. 1974இல் மூடப்பட்ட அதற்கு 'நவம்பர் 17 பல்கலைக்கழகம்' என்று பெயர். 1939ஆம் ஆண்டு அத்தினத்திலேயே நாற்சிப் படையினர் செக் பல்கலைக்கழகங்களை மூடி, ஒன்பது பேரைக் கொன்று, ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவரைத் தடுப்பு முகாமுக்கு அனுப்பினர். உலக மாணவர் தினம் இந்நிகழ்வின் நினைவாகவே கொண்டாடப்படுகின்றது. இத்தினம் பின்னர் வேறொரு பொருளையும் பெற்றது.

1948இல் ஆட்சியைக் கைப்பற்றிய கட்சி கலையைத் தன் கருவியாகக் கொண்டது. அதன் உச்சம் லெட்னாக் குன்றில் 1955 மே முதலாந் தேதி திறந்துவைக்கப்பட்ட ஸ்ராலின் சிலையாகும். பதினைந்து மீற்றருக்கும் மேலான உயரமுடைய கருங்கற் சிலை அது. ஸ்ராலினுக்குப் பின்னே மக்களும் படைவீரரும் அணிவகுத்து நின்றமையால், நகர மக்கள் அதனை 'இறைச்சிக் கியூ' என எள்ளி நகையாடினர். அதனை அமைத்த சிற்பி ஒத்தகார் ஷ்வெட்ஸ் திறப்பு விழாவுக்கு முன்னரே தம்முயிரைப் போக்கிக்கொண்டார். மறு ஆண்டிலேயே குருஷேவ் ஸ்ராலினின் குற்றங்களை வெளிப்படுத்தினார். 1962இல் சிலை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அதனை எழுப்பிய கட்சியே அதனைத் தகர்த்தது என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

1968 ஓகஸ்ற் மாதம் வார்சோ உடன்படிக்கை நாடுகளின் படைகள் புகுந்து சீர்திருத்த முயற்சியை ஒடுக்கிய பின்னர், தணிக்கை மேலும் இறுகியது. 1976இல் 'பிளாஸ்ரிக் பீப்பிள் ஒவ் த யூனிவேர்ஸ்' என்னும் இசைக்குழுவைச் சேர்ந்தோர் மீது வழக்குத் தொடரப்பட்டது. அவர்கள் அரசியல் இயக்கம் எதனையும் நடத்தியவரல்லர். அரசின் அனுமதியின்றித் தாம் விரும்பியவாறு பாடியமையே அவர்கள் செய்த பிழை. இவ்வழக்கு தூண்டிய எதிர்ப்பிலிருந்தே 1977 சனவரியில் 'சாசனம் 77' பிறந்தது. அரசியலை நாடாத கலையை அரசியலாக்கியது அரசே எனலாம்.

1989 நவம்பர் 17ஆந் தேதி, 1939ஆம் ஆண்டு நிகழ்வின் ஐம்பதாவது ஆண்டை நினைவுகூர்ந்து ஊர்வலஞ் சென்ற மாணவரைப் பொலிசார் தாக்கினர். மறுநாளே நாடகக் கலைஞரும் மாணவருடன் சேர்ந்து வேலைநிறுத்தத்தில் இறங்கினர். நாடக அரங்குகள் மக்கள் விவாத மன்றங்களாயின. திசெம்பர் 29ஆந் தேதி நாடகாசிரியர் வாக்லாவ் ஹாவெல் சனாதிபதியாகத் தெரிவுசெய்யப்பட்டார்.

கலைக்கும் அரசியலுக்குமிடையே இருந்த பிணக்கு இத்துடன் தீர்ந்ததா? 1991 ஏப்ரலில், கலை மாணவரான டேவிட் சேர்னி தம் நண்பருடன் சேர்ந்து சோவியத் தாங்கி நினைவுச்சின்னத்துக்கு இளஞ்சிவப்பு வர்ணம் பூசினார். அவர் கைதுசெய்யப்பட்டார்; தாங்கிக்கு மீண்டும் பச்சை வர்ணம் பூசப்பட்டது. இதனைக் கண்டித்த பாராளுமன்ற உறுப்பினர் சிலர் தாமே சென்று அதனை மறுபடியும் இளஞ்சிவப்பாக்கினர். இறுதியில் தாங்கி அவ்விடத்தினின்றும் அகற்றப்பட்டது. 1968ஐ நினைத்தோர்க்கு அச்செயல் விடுதலையின் நகைப்பு. 1945இல் நாற்சிகளை எதிர்த்து மாண்ட வீரரை நினைத்தோர்க்கோ அது நன்றி மறத்தல். இருசாராரும் கூறியதில் உண்மையுண்டு. 2020இல் சோவியத் தளபதி கோனெவின் சிலை அகற்றப்பட்டபோதும் இதே வாதம் எழுந்தது.

சின்னங்களை எழுப்புதலும் அகற்றுதலும் ஆட்சியாளர் எவர்க்கும் எளிதே. ஸ்ராலின் சிலையோடு, அது எழுந்ததற்கான காரணத்தை ஆராயும் வாய்ப்பும் 1962இல் புதைக்கப்பட்டது. பொதுவுடைமை ஆட்சியின் பின்னரும், சின்னத்தை அகற்றியதோடு வரலாற்றைத் தீர்த்துவிட்டதாகக் கருதின், பழைய தவறே புதிய பெயரில் தொடரும். லெட்னாக் குன்றின் வெற்றுப் பீடத்தில் 1991 முதல் ஒரு பெரிய தாளமானி அசைந்துகொண்டிருக்கின்றது. அங்கு செல்லும் மாணவன் அதனை மட்டுமன்றி, அதன் கீழுள்ள பீடத்தையும் நோக்குதல் வேண்டும். தன் நாட்டுச் சதுக்கங்களிலே நிற்கும் சிலைகளை யார், எதன்பொருட்டு எழுப்பினர் என்று வினவும் துணிவை அவன் பெற்று மீள்வானாயின், அதுவே அக்கல்வியின் பயனாகும்.