ஊஞ்சல் அறுந்தால் யார் பொறுப்பு?

பிள்ளை சறுக்குமரத்தில் விழுந்து கையை ஒடிச்சா, "தாய்க்காரி என்ன செஞ்சா?"ன்னுதான் முதல்ல கேட்போம். நானும் அப்படிக் கேட்டவள்தான். சட்டம் வேறு மாதிரி கேட்டிருக்கிறது.

ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ மாநகராட்சியின் தாவரவியல் பூங்காவில் ஏழு வயதுச் சிறுவன் நச்சுப்பழம் தின்று இறந்துபோனான். போதுமான வேலியும் இல்லை, பிள்ளைக்குப் புரிகிற எச்சரிக்கையும் இல்லை என்று தகப்பன் வழக்குப் போட்டார். பிரிட்டன் பிரபுக்கள் சபை, அந்த வழக்கு செல்லும் என்றது. பிள்ளையை ஆசைகாட்டி இழுக்கிற பொருளை வைத்திருப்பவருக்குக் கூடுதல் கவனம் வேணும். ஊஞ்சலும் அப்படித்தானே!

நம் நாட்டில், டெல்லி சாந்தினி சவுக் மணிக்கூண்டு இடிந்து சிலர் செத்தார்கள். கட்டி 80 வருஷம். மேல்மாடிச் சாந்தின் ஆயுசோ 40, 45 வருஷம்தான். "குறை வெளியே தெரியலை" என்ற வாதம் 1966இல் உச்ச நீதிமன்றத்தில் எடுபடவில்லை. அவ்வப்போது சோதித்துப் பார்ப்பது உடையவர் கடமை என்றது தீர்ப்பு. துருப்பிடிச்ச ஊஞ்சல் சங்கிலிக்கும் இதே கணக்குதான்.

சங்கரன்கோவிலில் பிள்ளைகளைப் பூங்காவுக்குக் கூட்டிப் போறது நாமதான். எது தேஞ்சிருக்குன்னு முதல்ல நம்ம கண்ணுலதான் படும். வாயால சொன்னா நிக்காது. தேதி போட்டு மனு கொடுங்க, நகல்ல முத்திரை வாங்குங்க. குழுவோட தீர்மான நோட்டுலயும் எழுதி வைங்க.