மலிவு ஏன் மலிவு? கேம் கொம்பியூட்டர் எங்கள் ஊருக்கு வந்த கதை



சாதாரண தரப் பரீட்சை முடிந்த கையோடு இன்பொக்ஸில் ஒரே கேள்விதான் வந்து விழுகிறது. "சேர், மகன் கேம் விளையாடுற கொம்பியூட்டர் கேட்கிறான். குறைஞ்ச காசில என்ன பார்ட்ஸ் எடுக்கலாம்?" சிலர் சீட்டுக் காசு என்கிறார்கள். சிலர் கனடாவில் இருக்கும் மாமா அனுப்புவார் என்கிறார்கள். எந்தக் காசு என்றாலும் அது திரும்ப வராத காசு. கேம் விளையாடலாமா, தொழுகைக்கும் படிப்புக்கும் நேரம் எங்கே என்ற கேள்விகளை இன்னொரு நாள் பேசுவோம், இன்ஷா அல்லாஹ். நான் வரலாறு படிப்பிக்கிறவன். அந்த வழியிலேயே பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளமான பதிவு.

சுன்னாகம் சந்தையில் கத்தரிக்காய் திடீரென்று பாதி விலைக்கு வந்தால் எங்கள் உம்மாமார் என்ன செய்வார்கள்? சந்தோசப்படுவதற்கு முன் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்ப்பார்கள். வரத்துக் கூடியதால் மலிவா, புழு விழுந்ததால் மலிவா? கொம்பியூட்டர் பாகங்களின் நாற்பது வருட வரலாற்றையும் இந்த ஒரு கேள்வியோடு வாசிக்கலாம்.

முதலில், பாகம் பாகமாக வாங்கிப் பூட்டலாம் என்ற நிலை எப்படி வந்தது? 1981 ஓகஸ்ட் 12 அன்று ஐபிஎம் தன் முதல் பர்சனல் கொம்பியூட்டரை வெளியிட்டது. (யாழ்ப்பாண நூலகம் எரிந்து அப்போது இரண்டரை மாதம்கூட ஆகவில்லை. வரலாற்று ஆசிரியருக்கு இப்படித் திகதிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வியாதி உண்டு.) எல்லாவற்றையும் தாங்களே செய்யப் போனால் காலம் போய்விடும் என்று சந்தையில் இருந்த பாகங்களையே வாங்கிப் பூட்டினார்கள். புரொசசர் இன்டெலுடையது, இயங்குதளம் மைக்ரோசொப்டுடையது. பூட்டுப்போட்டு வைத்திருந்தது பயோஸ் என்ற சிறிய மென்பொருளை மட்டும்தான். 1982 கடைசியில் கொம்பாக் நிறுவனம் அதைக் கொப்பி அடிக்காமல், அதேபோல வேலை செய்யும் இன்னொன்றைச் சொந்தமாக எழுதிக்கொண்டு வந்தது. 1984 இல் பீனிக்ஸ் நிறுவனம் அப்படியான பயோஸை மற்றக் கொம்பனிகளுக்கும் விற்கத் தொடங்கியது. பிறகு தாய்வான் தொழிற்சாலைகள் மதர்போர்ட்டுகளை அடித்துத் தள்ளின. இன்றைக்கு ஒரு கடையில் மதர்போர்டும் இன்னொரு கடையில் ரேமும் வாங்கிப் பூட்ட முடிவது இதனால்தான். போட்டி கூடியதால் வந்த மலிவு. நல்ல மலிவு.

அந்த மலிவு உலகம் முழுக்கப் பரவிய காலத்தில் நாங்கள் எங்கே இருந்தோம்? 1990 இன் நடுப்பகுதியில் யுத்தம் மீண்டும் தொடங்கியதும் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. எரிபொருளுக்குத் தடை, பற்றறிக்குத் தடை. ஜாம் போத்தலில் திரி போட்ட விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டார்கள். மோட்டார் சைக்கிள் சில துளி பெற்றோலில் ஸ்டார்ட்டாகி மண்ணெண்ணெயில் ஓடியது. அதே வருடம் ஒக்டோபர் 30 அன்று விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினார்கள். புத்தளத்து ஓலைக் குடிசைகளிலும் எரிந்தது குப்பி விளக்குத்தான். ஒரே மண்ணில் பிறந்த இரண்டு கூட்டம் பிள்ளைகள், 200 கிலோமீற்றர் இடைவெளியில், ஒரே மாதிரி இருட்டில் வளர்ந்தார்கள். உலகம் 386, 486, பென்டியம் என்று எண்ணிக்கொண்டிருந்த வருடங்கள் அவை.

இனி 1998. மலிவு கேம் கொம்பியூட்டரின் வரலாற்றில் இந்த வருடத்தை நான் கொஞ்சம் நின்று பார்ப்பேன்.

அந்த வருடம் ஏப்ரலில் இன்டெல் செலரொன் என்ற மலிவுப் புரொசசரைக் கொண்டுவந்தது. பென்டியம் 2 இல் இருந்த கேஷ் நினைவகத்தை எடுத்துவிட்டுப் பாதி உயிரோடு விற்றார்கள். சனம் சிரித்தது. ஓகஸ்டில் திருத்திய ஒன்று வந்தது: செலரொன் 300ஏ, 149 டொலர். இந்த முறை 128 கிலோபைட் கேஷைப் புரொசசரின் சில்லுக்குள்ளேயே வைத்தார்கள். பென்டியம் 2 இல் இருந்ததைவிட அளவில் சிறியது, ஆனால் புரொசசரின் முழு வேகத்தில் ஓடும். பென்டியம் 2 இல் இருந்தது பாதி வேகத்தில்தான் ஓடியது. இந்தச் செலரொனின் பெருக்கி 4.5, பஸ் வேகம் 66 மெகாஹேர்ட்ஸ். பெருக்கினால் 300. விளையாட்டுப் பிரியர்கள் மதர்போர்ட்டில் பஸ்ஸை 100 ஆக மாற்றிப் பார்த்தார்கள். 4.5 தர 100, 450. பெரும்பாலான செலரொன்கள் மறுப்புச் சொல்லாமல் ஓடின. அதே மாதம் வந்த 450 மெகாஹேர்ட்ஸ் பென்டியம் 2 இன் விலை 669 டொலர்.

அது ஏன் மலிவு? விற்பனைக்காக வேகத்தைக் குறைத்து எழுதியிருந்தார்கள், உள்ளே இருந்த பொருள் நல்லது. அதன் பிறகு வந்த நல்ல மலிவுப் பாகங்கள் பலவும் இப்படித்தான், கொம்பனியின் விலைப்பட்டியலில் அவர்களே விட்ட ஓட்டை. ஓட்டையைக் கண்டுபிடிப்பது பாவிக்கிறவன், அடைப்பது கொம்பனி. 2011 இல் வந்த புரொசசர்களோடு பஸ்ஸை ஏற்றும் வழியையும் இன்டெல் அநேகமாக மூடிவிட்டது. வேகம் ஏற்ற வேண்டுமென்றால் பெயரில் 'கே' எழுத்துள்ள விலை கூடியதை வாங்கு என்றது.

1998 இல் குடாநாட்டுக்குத் தரைப்பாதை இல்லை. சாமான் கொழும்பிலிருந்து கப்பலில் வந்தது. 2002 ஏப்ரலில் ஏ9 பாதை திறந்த பிறகுதான் கொம்பியூட்டர் லொறியில் வரத் தொடங்கியது. இராணுவத்தின் சோதனை ஒரு பக்கம், புலிகளின் வரி ஒரு பக்கம். பெட்டி கடைக்கு வந்து சேரும்போது கொழும்பு விலையை மறந்துவிட வேண்டியதுதான். ஆனாலும் வந்தது. நெட் கபேக்கள் முளைத்தன. இன்று முப்பத்தைந்து வயது தாண்டிய பலர் முதன்முதலில் மௌஸைப் பிடித்தது அங்கேதான். வெளிநாட்டு அண்ணனோடு பேசப் போனவர்களின் தம்பிமார் பக்கத்துக் கதிரையில் வைஸ் சிட்டி ஓடினார்கள். 2006 ஓகஸ்டில் பாதை திரும்பவும் மூடியது. அடுத்த மூன்று வருடங்களில் யாரும் கிராபிக்ஸ் கார்டைப் பற்றிக் கதைக்கவில்லை.

மின்சாரத்தில் சுன்னாகத்துக்குத் தனிப் பங்கு உண்டு. குடாநாட்டின் மின்நிலையம் எங்கள் ஊரில்தான். நாட்டின் மற்றப் பகுதிகளோடு கம்பித் தொடர்பு இல்லாமல் டீசல் இயந்திரங்களை நம்பியே பல வருடம் ஓடினோம். 2013 இல் 24 மெகாவாட் 'உத்துரு ஜனனி' திறக்கப்பட்டது. கிளிநொச்சியிலிருந்து சுன்னாகத்துக்கு 132 கிலோவோல்ட் வழித்தடமும் அந்த வருடமே வந்து, நாங்கள் தேசிய வலையமைப்போடு சேர்ந்தோம். (எங்கள் கிணறுகளில் மிதந்த எண்ணெயும் இந்த மின்சாரத்தின் விலைதான். அதற்குத் தனிப் பதிவு வேண்டும்.) செலரொன் 300ஏ வந்து 15 வருடம் கழித்துத்தான், இரவில் நம்பி ஸ்விட்சைப் போடக்கூடிய மின்சாரம் எங்களுக்கு வந்தது.

பிறகு வேகமாக ஓடியது. 2017 ஜனவரியில் பென்டியம் ஜி4560 வந்தது, 64 டொலர். இரண்டு கோர், நான்கு திரெட். 117 டொலர் ஐ3 செய்வதை அநேகமாக இதுவும் செய்தது. அடுத்த ஓட்டை! சில மாதங்களில் கடைகளில் தட்டுப்பாடாகி விலை ஏறியது. 2018 பெப்ரவரியில் ஏஎம்டி நிறுவனம் ரைசன் 3 2200ஜியை 99 டொலருக்குக் கொண்டுவந்தது. நான்கு கோர், அதோடு கேம் ஓடக்கூடிய கிராபிக்ஸும் புரொசசருக்குள்ளேயே. தனிக் கார்ட் தேவையில்லை. குறைந்த காசில் தொடங்குகிறவனுக்கு இதைவிட நேர்மையான பாகம் அதுவரை வரவில்லை என்பது என் அபிப்பிராயம். அந்த வரிசையில் 2021 ஓகஸ்டில் ஆறு கோர் ரைசன் 5 5600ஜி 259 டொலருக்கு வந்தது.

இங்கே எங்கள் நாட்டுக் கதை குறுக்கே வருகிறது. டொலர் 200 ரூபாவாக இருந்தபோது அந்தப் புரொசசர் 51,800 ரூபா. 2022 மேயில் டொலர் 360 ரூபா. அதே புரொசசர், அதே 259 டொலர், 93,240 ரூபா. வரியும் கடைக்காரரின் இலாபமும் இன்னும் சேரவில்லை. புரொசசரில் ஒன்றும் மாறவில்லை, எங்கள் ரூபாதான் மாறியது. அந்த மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேர மின்வெட்டு. முப்பது வருடத்துக்கு முந்திய அனுபவம் இருந்தவர்கள் சிரித்துக்கொண்டே விளக்கைத் துடைத்தார்கள்.

அதே காலத்தில் வெளியுலகில் கிராபிக்ஸ் கார்ட்டுகளை விளையாட்டுக்காரர் வாங்கவில்லை, எதேரியம் நாணயம் 'தோண்டுகிறவர்கள்' அள்ளிக்கொண்டு போனார்கள். 2022 செப்டெம்பர் 15 அன்று எதேரியம் தன் முறையை மாற்றியது. தோண்டும் வேலை ஒரே நாளில் முடிந்தது. அந்தக் கார்ட்டுகள் மூட்டை மூட்டையாகப் பழைய சாமான் சந்தைக்கு வந்தன. ஆர்எக்ஸ் 570, 580 எல்லாம் இன்று மலிவாகக் கிடைப்பதன் காரணம் இதுதான்.

புழு விழுந்த கத்தரிக்காய் இங்கேதான் தொடங்குகிறது. இரவு பகலாக மாதக்கணக்கில் சூட்டில் ஓடிய கார்ட்டில் விசிறி தேய்ந்திருக்கும். தோண்டுவதற்காக அதன் பயோஸையே மாற்றியிருப்பார்கள். எல்லாம் பழுது என்று சொல்லவில்லை. கடையில் அரை மணி நேரம் கேம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் திரும்பி வாருங்கள். இன்னொன்று: 'ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி' என்று ஒன்று விற்கிறார்கள். 580 இல் 2,304 கணிப்புக் கூறுகள் இருக்க வேண்டும். 2,048 இருந்தால் அது 570, சட்டை மட்டும் 580. 570 விலைக்கு வாங்கினால் குற்றமில்லை.

இன்னொரு மலிவு, பாவித்த அலுவலகக் கொம்பியூட்டர். இது ஏன் மலிவு? 2025 ஒக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவு நின்றது. விண்டோஸ் 11, இன்டெலில் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியதும் கேட்கிறது. ஏழாம் தலைமுறையும் அதற்கு முந்தியதும் அலுவலகங்களிலிருந்து வெளியே வருகின்றன. படிப்புக்கும் பழைய கேம்களுக்கும் அது போதும். ஆனால் பிள்ளை வலோரன்ட் போன்ற கேம் கேட்டால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். அதன் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள், விண்டோஸ் 11 இல் டிபிஎம் 2.0 இல்லாமல் திறக்காது. இந்தச் சின்னப் பெட்டிகளின் பவர் சப்ளையும் சின்னது, பலவற்றில் வேறொன்று மாற்றிப் பூட்டவும் முடியாது. எனவே தனி வயர் கேட்காத, 75 வாட்டுக்குள் ஓடும் ஜிடிஎக்ஸ் 1650 அல்லது 1050 டிஐ மாதிரி ஒன்றுதான் சரி. பெட்டி ஒடுக்கமென்றால் கட்டை உயரக் கார்டாகப் பாருங்கள்.

புதிதாகப் பூட்டுவதென்றால் என் ஒழுங்கு கடைக்காரர் சொல்வதற்கு நேர்மாறு. அவர் புரொசசரில் தொடங்குவார், நான் பவர் சப்ளையில் தொடங்குகிறேன். பெட்டியோடு சும்மா வரும் '500 வாட்' சப்ளையின் லேபிளைப் பாருங்கள். 12 வோல்ட் வரிசையில் 20 அம்பியர் என்று இருந்தால் 12 தர 20, 240 வாட். கொம்பியூட்டரின் பெரும்பங்கு வேலை நடப்பது அந்த 12 வோல்ட்டில்தான். ஆர்எக்ஸ் 580 மட்டும் 185 வாட் கேட்கும், புரொசசருக்கு இன்னும் 65. எங்கள் மாணவர் ஒருவரின் வீட்டில் இப்படிப்பட்ட சப்ளை ஒன்று எரிந்தபோது மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போனது. தாய் வெளிநாட்டில் வீட்டுவேலை செய்து அனுப்பிய காசு. கடை உத்தரவாதம் சப்ளைக்கு மட்டும்தான் என்று சொல்லிவிட்டார்கள். 80 பிளஸ் முத்திரை உள்ள, பெயர் தெரிந்த சப்ளைக்குக் கூடக் கொடுக்கும் சில ஆயிரத்தை வேறெங்காவது மிச்சம் பிடியுங்கள்.

எங்கே மிச்சம் பிடிப்பது? கிராபிக்ஸ் கார்டில். கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கும் 5600ஜி மாதிரி ஒன்றோடு தொடங்குங்கள், கார்டைப் பிறகு காசு சேர்த்துப் போடலாம். ரேமை ஒரு 16 ஜிபியாக எடுக்காமல் இரண்டு 8 ஜிபியாகப் போடச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் ரேமைத்தான் பங்கு போடுகிறது, இரண்டு பாதை இருந்தால் கேம் தெளிவாகவே வேகமாக ஓடும். 2025 கடைசியில் இருந்து செயற்கை நுண்ணறிவுக் கொம்பனிகள் நினைவகச் சில்லுகளை அள்ளுவதால் ரேம் விலை உலகம் முழுக்க ஏறிக் கிடக்கிறது. முன்பு கார்ட்டுகளுக்கு நடந்ததுதான், ஆள் மட்டும் வேறு.

யூபிஎஸ் வாங்கும்போது வாங்கப் போகும் பவர் சப்ளையோடு சேர்த்துப் போட்டுப் பார்த்து வாங்குங்கள். மலிவு யூபிஎஸ்ஸின் முரட்டு அலை சில நல்ல சப்ளைகளுக்கு ஒத்துவராது, கரண்ட் போனதும் இரண்டும் சேர்ந்து அணையும். வீட்டில் ஏர்த் கம்பி ஒழுங்காக இருக்கிறதா என்று வயரிங் தெரிந்தவரிடம் காட்டுங்கள், ஐப்பசி இடிக்கு முன்னரே. எங்கள் செம்மண் தூசி விசிறியை மூன்று மாதத்தில் மூடிவிடும். தரையில் வைக்காமல் ஒரு பலகைக்கு மேல் வையுங்கள்.

கடையில் நிற்கும்போது சந்தேகம் வந்தால் பவர் சப்ளையின் பக்கத்து லேபிளைப் படம் எடுத்து இன்பொக்ஸில் போடுங்கள். 12 வோல்ட் என்று எழுதிய கட்டம் தெளிவாகத் தெரிய வேண்டும். பாடசாலை நேரம் முடிந்து, அசர் தொழுதுவிட்டுப் பதில் போடுகிறேன்.